நாலு கோடி இலக்கங்களுக்குப் பிறகு அடுத்த முதன்மை எண் எங்கே?

சென்ட் லோரன்ட் பாடசாலைகளில் எங்கள் பிள்ளைகள் 'நொம்ப்ர் பிரமியே' என்று படிப்பதைத்தான் ஊரில் நாங்கள் முதன்மை எண் என்று படித்தோம். சொல்லுக்குச் சொல் அதே பொருள். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அது பகா எண். 2, 3, 5, 7, 11 என்று, ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்கள். வீட்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கண்டு ஒதுங்கி நிற்கும் பெற்றோருக்கு இந்த ஒரு சொல் போதும், பிள்ளையோடு கதைக்கத் தொடங்கலாம்.

2024 ஒக்டோபரில் லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முதன்மை எண், அப்போது அறியப்பட்டவற்றில் மிகப் பெரியது. 136,279,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் 1 ஐக் கழித்தால் அது கிடைக்கும். அதில் 41,024,320 இலக்கங்கள். விநாடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் வாசித்தாலும் 475 நாட்கள் ஆகும். இவ்வகை எண்களுக்கு மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயர். கணினியின் இருமக் கணக்கில் எழுதினால் வெறும் ஒன்றுகளே வரிசையாக நிற்கும். இரண்டுகளின் எண்ணிக்கையும் முதன்மை எண்ணாக இருக்க வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. 11 இரண்டுகளைப் பெருக்கி 1 ஐக் கழித்தால் 2047. அது 23 ஐ 89 ஆல் பெருக்கிய விடை.

அப்படியென்றால் அதற்கு அடுத்த முதன்மை எண் எங்கே? யாருக்கும் தெரியாது. ஆனால் அதன் இரு மடங்கை எட்டுமுன் ஒன்று கட்டாயம் உண்டு. 1852 இல் செபிஷேவ் இதை நிறுவினார். 1919 இல் எங்கள் இராமானுஜன், இறப்பதற்கு முந்திய ஆண்டில், அதை மிகச் சுருக்கமாக நிறுவிக் காட்டினார். பெரிய எண்களை நோக்கிப் போகப் போக முதன்மை எண்கள் ஐதாகும். டுரான்டின் எண்ணுக்குப் பக்கத்தில் சராசரியாக 9 கோடியே 44 இலட்சம் எண்களுக்கு ஒன்றுதான்.

சராசரி அப்படி. ஆனாலும் எவ்வளவு தூரம் போனாலும் நெருங்கி நிற்கும் சோடிகள் வந்துகொண்டே இருக்குமா? 2013 இல் அமெரிக்காவில் ஈத்தாங் சாங், 7 கோடிக்குள் இடைவெளி உள்ள சோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று நிறுவினார். அதே ஆண்டு நவம்பரில் அந்த 7 கோடியை 600 ஆகக் குறைத்தவர் ஜேம்ஸ் மேனார்ட் என்ற இளைஞர். அப்போது அவர் இருந்தது மொன்றியால் பல்கலைக்கழகத்தில்! கோட்-வெர்த்துவில் மெட்ரோ ஏறி, ஸ்னோடனில் நீலப் பாதைக்கு மாறினால் இரண்டாவது தரிப்பு. எங்கள் பிள்ளைகள் பலர் தினமும் போய்வரும் வழி.

சாங்கின் வழியில் சோடி மட்டுமே கிடைத்தது. மேனார்டின் வழியில் மூன்று, நான்கு என எத்தனை முதன்மை எண்களும் ஒரு வரையறுத்த தூரத்துக்குள் கூடி நிற்பது திரும்பத் திரும்ப வரும். அது இன்னும் ஆழமான முடிவு. 2022 இல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

பலர் சேர்ந்து 2014 இல் 600 ஐ 246 ஆக்கினார்கள். 11 உம் 13 உம் போல, 2 மட்டுமே இடைவெளியுள்ள இரட்டையர் முடிவில்லாமல் உண்டா என்பதை இன்னும் எவரும் நிறுவவில்லை.