செம்பூர் ஆலையும் சாக்கடை நீரும்

பிழைப்பை நாடிப் பம்பாய் வந்த தமிழருள் மாதுங்காவில் குடியமர்ந்தோர் உண்டு. தாராவியில் தோல் பதனிட்டு வாழ்ந்தோர் உண்டு. செம்பூரில் தங்கி டிராம்பே ஆலைகளில் வேலை பார்த்தோரும் உண்டு. தொழில் வேறுபட்டாலும் நம் எல்லோருக்கும் பொதுவான கவலை ஒன்று இருந்தது. அது தண்ணீர்க் கவலை.

இந்நகரின் நீர் தொலைவிலிருந்து வருவது. விஹார் ஏரி 1860-இலும், தான்சா அணை 1892-இலும் அமைந்தன. வைதரணாவும் பாட்சாவும் பின்னர் வந்தன. அந்நீரைச் சுமந்து வரும் பெருங்குழாய்கள் தாராவியின் ஊடே செல்ல, அதன் அருகிலேயே நம் தாய்மார்கள் தெருக்குழாயில் குடத்தோடு காத்து நின்றனர்.

அதே நகரில் ஆலைகளும் பெருகின. 1950-களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், 1956-இல் டாட்டாவின் அனல்மின் நிலையமும் தோன்றின. 1965-இல் அரசின் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1978 முதல் அது ராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்டு பெர்ட்டிலைசர்ஸ் என்ற நிறுவனத்தைச் சேர்ந்தது. உரம் செய்ய நீராவி வேண்டும். இயந்திரங்களைக் குளிர்விக்கவும் நீர் வேண்டும். குடங்கள் காத்திருந்த அதே ஏரி நீரையே ஆலையும் நாடியது. மழை பொய்த்தால் இரண்டுக்கும் இடர்ப்பாடு.

இந்நிலையில் அந்நிறுவனம் சாக்கடையை நோக்கித் திரும்பியது. நகராட்சியின் கழிவுநீரைப் பெற்று, குப்பையையும் மணலையும் பிரித்து, நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைச் சிதைத்து, வடிகட்டி, இறுதியில் நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தித் தெளிநீராக்கும் நிலையத்தை 2000-ஆம் ஆண்டில் இயக்கலாயிற்று. நாளொன்றுக்கு 2 கோடி லிட்டருக்கு மேற்பட்ட கழிவுநீரிலிருந்து சுமார் 1½ கோடி லிட்டர் நல்ல நீரைப் பெறுவது அதன் திட்டம். ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால், இது ஒரு இலட்சம் மக்களுக்கு மேல் போதுமான அளவு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் இரண்டாவது நிலையமும் எழுந்தது; அதன் நீரில் அண்டையிலுள்ள பாரத் பெட்ரோலியம் ஆலைக்கும் பங்குண்டு.

நம் சென்னையும் இவ்வழியில் பின்தங்கவில்லை. மணலி ஆலைகள் 1990-களிலேயே நகரக் கழிவுநீரைத் தூய்மையாக்கிப் பயன்படுத்தின. 2019-இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4½ கோடி லிட்டர் நீரைத் தரும் நிலையம் தொடங்கப்பெற்றது.

இதனால் ஆலைகளின் குறையெல்லாம் தீர்ந்துவிட்டதென்று நாம் கருதலாகாது. செம்பூரை அடுத்த மாகுல் பகுதியின் காற்று மாசு குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலும் 2020-இலும் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. நீரில் கற்ற பாடத்தைக் காற்றிலும் கற்க வேண்டும்.

எனினும் ஓர் உண்மை விளங்குகிறது. பழைய நிறுவனம் அறவுரையால் மட்டும் மாறுவதில்லை. தன் தேவையும் ஊரின் தேவையும் ஒன்றெனக் காணும்போது மாறுகிறது. ஆலை விட்டுக்கொடுத்த ஏரி நீர் ஒவ்வொரு துளியும், எங்கோ ஒரு வீட்டில் ஒரு குடத்தை நிரப்ப வல்லது. குடத்தோடு காத்து நின்றவர்களின் மக்களாகிய நமக்கு அதன் அருமையை வேறொருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.