மிளகு வாசம் வந்த வழி

ரசத்துக்கு மிளகை நுணுக்கும்போது மூக்கில் ஏறும் வாசம் பிரான்ஸின் சிவப்பு ஒயின் ஒன்றிலும் உண்டு. அதில் யாரும் மிளகு சேர்ப்பதில்லை. சிரா என்ற கருந்திராட்சையின் தோலிலேயே அது ஒளிந்திருக்கிறது. இதே திராட்சைதான் ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். ஆனால் அந்நாட்டின் பரோசா பள்ளத்தாக்கு ஒயினில் மிளகைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சிராவுக்குப் பேர்போன கோட்-ரோட்டி, லியோன் நகருக்குத் தெற்கே ரோன் ஆற்றங்கரையில் இருக்கிறது. பெயருக்கு ‘வறுபட்ட சரிவு’ என்று பொருள். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் சிரா பழுப்பதே சந்தேகம். சரிவு தென்கிழக்கு வெயிலைப் பார்த்து நிற்பதால்தான் இங்கே காய் கனிகிறது, அதுவும் மெதுவாக. காற்று முறித்துவிடாமல் கொடிகளைக் கழிகளில் கட்டுகிறார்கள். கல்லடுக்கிய படிவயல்களில் பெரும்பாலும் டிராக்டர் ஏறாது. அறுவடைக் கூடை ஆள் தோளில்தான் இறங்கும்.

பரோசா அடிலெய்டுக்கு வடகிழக்கே இருக்கிறது. கோடையில் 35 டிகிரி அங்கே சாதாரணம். 1832-இல் ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த கொடித்துண்டுகளில் சிராவும் இருந்தது. ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்செரா பூச்சி பரோசாவை எட்டவில்லை. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்ட கொடிகள் இன்றும் காய்க்கின்றன. வெயிலில் சர்க்கரை ஏற ஏற ஆல்கஹாலும் கூடி 14, 15 சதவீதத்தைத் தொடும். நாக்கில் பிளம் ஜாமும் சாக்லேட்டும் கெட்டியாகப் படியும். கோட்-ரோட்டியில் ஆல்கஹால் பொதுவாக 13 சதவீதத்தை ஒட்டி நிற்கும். புளிப்பு தூக்கலாக இருக்கும். அதன் பின்னால் மிளகு, சில சமயம் புகைபோட்ட இறைச்சியின் சாயல்.

அந்த மிளகு வெறும் உவமை அல்ல. ரோட்டண்டோன் என்ற சேர்மம்தான் இதற்குக் காரணம் என்று 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மிளகில் மணப்பதும் அதுவே. பெயர் மட்டும் நம்மூர் கோரைக்கிழங்கின் தாவரவியல் பெயரிலிருந்து வந்தது. முதலில் கண்டெடுத்தது அதில்தான். ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! குளிர்ந்த பருவத்தில், இலை நிழலில் பழுக்கும் குலைகளில் இது கூடும். வெயில் நேரே சுட்டால் குறையும். ஆஸ்திரேலியாவிலேயே விக்டோரியா மாநிலத்தின் குளிர்ந்த கிராம்பியன்ஸ் பகுதி ஷிராஸில் மிளகு பளிச்சென்று தெரிகிறது. ஆக, வேறுபாட்டுக்கு நாட்டைவிடக் குளிர்தான் பொறுப்பு. அந்நாட்டிலும் குளிர்பாணி ஒயினின் லேபிளில் ‘ஷிராஸ்’ என்று போடாமல் ‘சிரா’ என்று போடுபவர்கள் பெருகிவிட்டார்கள்.

என் ஓட்டு சரிவுக்குத்தான். பரோசாவின் முதல் வாய் பிரமாதம். மூன்றாவது வாயில் திகட்டிவிடுகிறது. ஆனால் இந்தத் தீர்ப்பை எல்லோரும் ஏற்க முடியாது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் வாசமே தெரியாதாம். அவர்கள் மூக்குக்கு என் கோட்-ரோட்டி, புளிப்பு கூடிய இன்னொரு சிவப்பு ஒயின், அவ்வளவுதான்.