வீடு தேடி வரும் நேரம்: டெலிவரி ஸ்லாட் பிறந்த கதை

பிரிட்டனில் கிறிஸ்துமஸுக்கு ஓரிரு மாதம் இருக்கும்போதே ஒரு போட்டி தொடங்கிவிடும். பண்டிகைக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் மளிகையும் காய்கறியும் வான்கோழியும் வீட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும். அந்த நாட்களுக்கான டெலிவரி ஸ்லாட்டுகளை, அதாவது பொருள் வந்து சேரக் குறித்த நேரங்களை, பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் வெகு முன்னதாகவே திறந்துவிடுகின்றன. திறக்கும் நாளில் விடியுமுன் எழுந்து கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். பண்டிகைக்கு என்னென்ன வாங்குவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் விலை கூடிய மது பாட்டில்கள் சிலவற்றைக் கூடையில் போட்டு, குறைந்தபட்சத் தொகையை எட்டவைத்து, ஆர்டரை உறுதிசெய்து நேரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கடை குறிக்கும் கெடு வரை பட்டியலை மாற்றலாம் என்பதால், பாட்டில்கள் பிறகு வெளியேறி உருளைக்கிழங்கும் வெண்ணெயும் உள்ளே வரும்.

இது முன்யோசனையா, அடுத்தவர் இடத்தை அடைத்துக்கொள்வதா? அந்தந்த வாரம் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் ஸ்லாட் என்ற ஏற்பாடு எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவான விடை கிடைக்கிறது.

தெற்கு இங்கிலாந்தில் கிராலி என்றொரு ஊர். அங்கே ரெடிஃபோன் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்தவர் மைக்கேல் ஆல்ட்ரிச். வாரம் தவறாமல் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய் வருகிற அலுப்பைப் பற்றி, நாயோடு நடை போகும்போது மனைவியிடம் பேசிக்கொண்டு வந்ததில் அவருக்கு யோசனை பிறந்தது. வீட்டு டெலிவிஷனைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பொருள் வாங்கலாமே! 1979-ல் அதைச் செய்து காட்டினார். ஐந்தாண்டுகள் கழித்து, 1984 மே மாதம், வடகிழக்கு இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயது மூதாட்டி தன் நாற்காலியில் அமர்ந்தபடி டிவி ரிமோட்டை அழுத்தினார். மார்ஜரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை ஆகிய மூன்றும் உள்ளூர் டெஸ்கோ கடையிலிருந்து அவர் வீட்டுக்கு வந்தன. வீட்டிலிருந்தபடி மின்வழியில் மளிகை வாங்கிய முதல் ஆள் என்று அவரைத்தான் இன்று சொல்கிறார்கள்.

அவர் இடுப்பெலும்பு முறிந்து நடமாட்டம் குறைந்தவர். அந்தத் திட்டத்தை நடத்தியது நகர மன்றம்; கடைக்குப் போக முடியாத முதியோருக்கும் உடல் இயலாதோருக்கும் உதவுவதே அதன் நோக்கம். இணையத்தில் மளிகை வாங்குவது நேரமில்லாதவர்களின் வசதிக்காக வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது முதலில் பயன்பாட்டுக்கு வந்தது நடக்க முடியாதவர்களுக்காக. ஸ்லாட்டைப் பற்றிய எல்லா நியாயமும் இந்த ஒரு செய்தியிலிருந்துதான் கிளைக்கிறது என்பது என் எண்ணம்.

கேட்ஸ்ஹெட்டில் பயன்படுத்தியவர்கள் சிலரே; நேரத்துக்குப் போட்டி எழ வழியில்லை. வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கில் பெருகும்போதுதான் சிக்கல் வருகிறது. நம் ஊர் அண்ணாச்சி கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தால், கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து போடுவான். எந்த வீட்டில் எப்போது ஆள் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். பெருநகரத்து வேன் ஓட்டுநருக்கு அது தெரியாது. புத்தகப் பார்சல் என்றால் வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். பாலும் மீனும் ஐஸ்கிரீமும் அப்படியில்லை. ஆள் இருந்து வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டும். ஆகவே வாடிக்கையாளரையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று: எந்த நேரம் வீட்டில் இருப்பீர்கள்?

அமெரிக்காவில் 1989-ல் பார்க்கின்சன் சகோதரர்கள் சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் பீபாட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இணையம் பரவாத காலம் அது. மோடம் வழியாக ஆர்டர். பாஸ்டன் பக்கத்தில் ஸ்ட்ரீம்லைன் என்ற நிறுவனம் ஆள் இருக்க வேண்டும் என்ற தேவையையே ஒழிக்கப் பார்த்தது: வாடிக்கையாளரின் கார் கொட்டகையில் குளிர்பெட்டியைப் பொருத்தி, வாரம் ஒருமுறை நிரப்பிவிட்டுப் போனார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கார் கொட்டகை உள்ளவர்களுக்கு மட்டுமே ஆகிற யோசனை. 2000-ல் அது மூடப்பட்டது.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் வெப்வேன். புத்தகக் கடைகளால் பெயர் பெற்ற லூயிஸ் போர்டர்ஸ் நிறுவியது. 1999 ஜூனில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் விற்பனை தொடங்கியது. வாடிக்கையாளர் எந்த அரை மணி நேரத்தைக் குறிக்கிறாரோ, அந்த அரை மணிக்குள் பொருள் வரும் என்று வாக்குக் கொடுத்தது. நாடெங்கும் ராட்சதக் கிடங்குகள் கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2001 ஜூலையில் திவாலானது; ஏறக்குறைய 2,000 பேர் வேலை இழந்தார்கள். கிடங்குச் செலவுதான் முதல் காரணம். அரை மணி வாக்கும் தன் பங்குக்கு வேன்களின் காலைக் கட்டியது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரே தெருவில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒருவர் காலை 9 மணிக்கும் இன்னொருவர் மாலை 6 மணிக்கும் கேட்கிறார்கள். வேன் அந்தத் தெருவுக்கு இரண்டு முறை வர வேண்டும். இருவரும் ஒரே நேரத்தைக் கேட்டிருந்தால் இரண்டாவது வீட்டுக்குப் போகிற செலவு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஸ்லாட் குறுகக் குறுக வேன் குறுக்கும் நெடுக்கும் ஓடும். ஒரு நாளில் போகக்கூடிய வீடுகள் குறையும். நான்கு மணி நேர ஸ்லாட் என்றால் ஓட்டுநர் தன் போக்கில் தெருத் தெருவாக முடித்துக்கொண்டு வரலாம். வீட்டுக்காரர்தான் அரை நாள் கட்டுண்டு கிடப்பார். காத்திருப்பின் சுமையை யார் தலையில் வைப்பது என்பதே இதில் உள்ள கேள்வி. ஆகவே ஒருவருக்கு ஒதுக்கிய நேரம் அவருடைய தனிச்சொத்து ஆகாது. அது ஒரு வழித்தடத்தில் ஓர் இருக்கை. அதே வேனில் வேறு பல வீடுகளும் ஏறியிருக்கின்றன.

பிரிட்டிஷ் கடைகள் வீட்டு டெலிவரியை நிதானமாகச் செய்தன. டெஸ்கோ 1996-ல் மேற்கு லண்டனின் ஆஸ்டர்லி கடையில் சோதனையாக ஆரம்பித்தது. தனிக் கிடங்கு கிடையாது. கடை ஊழியரே அலமாரிகளுக்கு இடையில் வண்டி தள்ளிப் பொறுக்கியெடுத்து அனுப்பினார். டெலிவரிக் கட்டணம் 5 பவுண்டு, ஸ்லாட் இரண்டு மணி நேரம். முதலீடு குறைவு என்பதால் தாக்குப்பிடித்தது. 2000-ல் மூன்று முன்னாள் வங்கியாளர்கள் தொடங்கிய ஒக்காடோ நேர்மாறான வழியைப் பிடித்தது. கடையே கிடையாது; லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டில் இயந்திரமயமான ஒரு பெரிய கிடங்கு. 2002-ல் வீடுகளுக்குப் பொருள் கொடுக்கத் தொடங்கி, ஒரு மணி நேர ஸ்லாட்டைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

ஒக்காடோ செய்த ஒரு சின்னக் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. நேரங்களைக் காட்டும் பக்கத்தில் சில கட்டங்களில் பச்சை வேன் படம் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் வண்டி எப்படியும் உங்கள் பகுதிக்கு வருகிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் எரிபொருள் மிச்சம் என்று பொருள். அதுவரை வேனின் வழித்தடம் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. பக்கத்துத் தெருவில் இன்னொருவரும் வாங்குகிறார் என்பதை முதன்முறையாக அவருக்குச் சொன்னது அந்தப் படம். வார நாள் மதியத்துக்குக் குறைந்த கட்டணம், கூட்டமான நேரத்துக்குக் கூடுதல் என்ற ஏற்பாடும் நிலைபெற்றது. மதியம் வீட்டில் இருக்கக்கூடியவர் மதியத்தை எடுத்துக்கொண்டால், வேலைக்குப் போகிறவருக்கு மாலை கிடைக்கும். ஒழுக்கத்தின் முதல் பாடத்தை விலைப்பட்டியல்தான் சொல்லிக்கொடுத்தது.

2020 மார்ச்சில் விலைப்பட்டியலால் ஆகாத நிலை வந்தது. 23-ஆம் தேதி இரவு பிரிட்டனில் கொரோனா ஊரடங்கு அறிவிப்பு. அதற்கு முன்பே ஸ்லாட்டுகள் கரைந்துவிட்டன. ஒக்காடோ புதிய வாடிக்கையாளரை நிறுத்தி, தன் இணையதளத்தையே சில நாட்கள் மூடியது. டெஸ்கோவிடம் அப்போது வாரத்துக்குச் சுமார் 6 லட்சம் ஸ்லாட்டுகள் இருந்தன. சில வாரங்களில் 10 லட்சமாக்கினார்கள், பிறகு 15 லட்சம் வரை கொண்டுபோனார்கள். ஓர் ஆர்டருக்கு 80 பொருள்தான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஒருவர் கூடை சிறுத்தால் அதே வேனில் இன்னொரு வீட்டின் கூடைக்கு இடம் கிடைக்கும்.

அப்படியும் போதவில்லை. டெஸ்கோவின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி டேவ் லூயிஸ் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதினார்: பத்திரமாகக் கடைக்கு வரக்கூடியவர்கள் கடைக்கே வாருங்கள், ஸ்லாட்டுகளை வர முடியாதவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். வாங்க வருகிறவர்களிடம், நீங்கள் வாங்காதீர்கள், இன்னொருவர் வாங்கட்டும் என்று ஒரு பெருங்கடை கேட்டது. இன்னொரு சூப்பர்மார்க்கெட்டான செய்ன்ஸ்பரி 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை கொடுத்தது. நோய் தாக்கினால் உயிருக்கே ஆபத்து என்று வீட்டிலேயே இருக்கச் சொல்லப்பட்ட சுமார் 15 லட்சம் பேரின் பட்டியலை அரசு திரட்டிக் கடைகளோடு பகிர்ந்தது. கடைகள் அதைத் தம் வாடிக்கையாளர் பெயர்களோடு ஒத்துப் பார்த்து நேரம் ஒதுக்கின.

பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். பார்வையற்றவருக்கு நுரையீரல் நோய் இல்லாமல் இருக்கலாம். எனவே மருத்துவப் பட்டியலில் பெயர் இல்லை. ஆனால் இரண்டு மீட்டர் இடைவெளியை அவர் எப்படி அளப்பார்? கைத்தாங்கலாக யாரை அழைத்துப் போவார்? பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனமான ஆர்என்ஐபி இதற்காகக் குரல் கொடுத்தது. புதிய ஸ்லாட்டுகள் நள்ளிரவில் திறக்கும் என்று தெரிந்து விழித்திருந்து, சட்டென விரலோட்டக்கூடியவர்களுக்கு நேரம் கிடைத்தது. திரைவாசிப்பானின் துணையோடு ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுப் போகிறவருக்கு அந்த வேகம் எப்படி வரும்?

இன்றைய ஸ்லாட் ஒழுக்கம் பிறந்தது அந்த வாரங்களில்தான். எழுதி வைத்தவர் யாருமில்லை. தெருக்களில் தொடங்கிய வாட்ஸ்ஆப் குழுக்களில் பேசிப் பேசி உருவானது. நடக்க முடிந்தால் நட. ஸ்லாட் கிடைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவரின் தேவையையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளட்டும். இரண்டு கடைகளில் நேரம் பிடித்து எது முன்னால் வருகிறதோ என்று பார்த்திருக்காதே. வேண்டாமென்றால் கெடு முடியுமுன் ரத்து செய். கெடுவுக்கு முன் விட்டுக்கொடுத்த நேரம் மறுபடி பட்டியலுக்கு வந்து இன்னொருவருக்குப் போய்ச் சேரும். கெடு தாண்டி, பொருளைப் பொறுக்கி அடுக்கிய பிறகு ரத்து செய்தால் அந்த இடம் யாருக்கும் உதவாமல் போகும்.

தொடக்கத்தில் சொன்ன மது பாட்டில் விஷயத்துக்கு இதிலேயே விடை இருக்கிறது. நேரத்தை முன்கூட்டிப் பிடிப்பதில் தவறில்லை. அந்த நேரத்தில் உண்மையாகவே வாங்கப் போகிறோம் என்றால். எதற்கும் இருக்கட்டும் என்று பிடித்துவைத்து மறந்துபோவதுதான் தவறு.

நம் நாட்டில் பிக்பாஸ்கெட் 2011-ல் பெங்களூருவில் தொடங்கியபோதே ஸ்லாட் முறையும் கூட வந்தது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்ட பிறகு சென்னையிலும் ஸ்லாட் இல்லை என்ற வாசகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்தோம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அடுக்ககத்தில் தனியே வாழும் பெற்றோருக்கு அது வெறும் அசௌகரியமாக இருக்கவில்லை. இப்போது பத்து நிமிட டெலிவரி வந்ததும் ஸ்லாட்டே பழங்கதை என்று சிலர் பேசுகிறார்கள். மாதச் சாமானுக்கு, ஒரு மூட்டை அரிசிக்கு, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு, நேரம் குறித்து வரும் வேனைப் போல வேறொன்று இல்லை.

கடைகளுக்கும் செயலிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கொள்ளைநோய்க் காலத்தில் அவசரமாகச் செய்த முன்னுரிமை ஏற்பாட்டை நிரந்தரமாக்குங்கள். ஒவ்வொரு நாளும் சில நேரங்களை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதலில் திறந்துவிட்டு, மீந்ததை எங்களுக்குக் கொடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வாசகர்களே, உங்கள் செயலியில் வேண்டாத ஸ்லாட் ஏதேனும் கிடந்தால் கெடு முடியுமுன் இன்றே ரத்து செய்துவிடுங்கள்.