ஏடும் இசையும்: மன்னார் நாடகப் பதிப்புகள்

ஈழநாட்டின் வடமேற்குக் கரையிலே பாலாவியின் மருங்கில் விளங்குவது திருக்கேதீச்சரம். திருஞானசம்பந்தர் அருளிய பதிகம் ஒன்றும் சுந்தரர் அருளிய பதிகம் ஒன்றும் இத்தலத்துக்கு உள்ளன. முன்னையது நட்டராகப் பண்ணிலும் பின்னையது நட்டபாடைப் பண்ணிலும் அமைந்தவை. தேவாரப் பதிப்புகள் பதிகத்தின் தலைப்பிலே பண்ணின் பெயரைப் பொறித்து வைத்துள்ளன. ஆயினும், பண்ணின் பெயரை அறிந்தவன் பண்ணை அறிந்தவன் ஆகான். நட்டபாடையை இக்காலத்து ஓதுவார்கள் கம்பீரநாட்டை இராகத்திற் பாடுகின்றனரெனின், அவர்க்கு அதனைக் கற்பித்தது நூலன்று, குருவின் நாவே.

இவ்வுண்மையைத் திருமுறை கண்ட புராணம் ஒரு வரலாற்றாலே விளக்குகின்றது. செல்லரித்தவை போக எஞ்சிய ஏடுகள் தில்லையிற் கிடைத்த பின்னரும், அவற்றைப் பாடும் முறை கிடைத்திலது. அதன்பொருட்டுத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரை நாடவேண்டியதாயிற்று. சொல் ஏட்டிலே தங்கிற்று. இசை குடிவழியிலே தங்கிற்று. இரண்டும் ஒருங்கு கூடிய பின்னரே தேவாரம் மீண்டது.

தேவாரம் பெற்ற மாதோட்டத்திலும், அதனை அடுத்த மன்னார்த் தீவிலும், இதனையொத்த ஒரு நிலைமை நாட்டுக்கூத்துத் துறையில் ஏற்பட்டுள்ளது. மன்னார்க் கத்தோலிக்க மக்களின் நாடகங்கள் சில ஏட்டினின்று அச்சுக்கு ஏறிவிட்டன. அவற்றின் சொல் காக்கப்பட்டது. இசை காக்கப்பட்டதா என்பதே ஆராய்தற்குரியது.

போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டிலே மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். ஒல்லாந்தர் 1658இல் அதனை அவர்களிடமிருந்து பறித்தனர். ஆட்சி மாறியும் கத்தோலிக்க சமயம் அக்கரையினின்று அகலவில்லை. புதிய சமயம் புகுந்ததனால் மக்கள் தம் பழைய கலையைக் கைவிட்டாரல்லர்; புதிய கதைகளைப் பழைய கூத்திலே பெய்துகொண்டனர். பாலன் யேசுவைக் காணவந்த அரசர் மூவரின் கதை ‘மூவிராசாக்கள் நாடகம்’ ஆயிற்று. மாற்றாந்தாயின் கொடுமையாற் கைகளை இழந்து தேவமாதாவின் அருளால் அவற்றை மீளப்பெற்றவளின் கதை ‘ஞானசவுந்தரி நாடகம்’ ஆயிற்று. ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ என்னும் பெயரோ ஒரு வரலாற்றுச் சான்று. எண்டிறீக்கு என்பது போர்த்துக்கேயரின் என்றிக்கே. எம்பரதோர் என்பது பேரரசன் எனப் பொருள்படும் அவர்தம் மொழிச்சொல்லின் திரிபு. பிறநாட்டுப் பேரரசனும் மன்னார்க் களரியில் ஏறியபொழுது வரவுத் தருவுடனேயே ஏறினான்.

இந்நாடகங்களைப் பாடும் முறையில் இரு பாங்குகள் உண்டு. ஒன்று வடபாங்கு எனப்படும் யாழ்ப்பாணப் பாங்கு. மற்றையது தென்பாங்கு எனப்படும் மாதோட்டப் பாங்கு. இவற்றிடையே உள்ள வேறுபாட்டிற் பெரும்பகுதி பாடல்களின் மெட்டிலேயே உள்ளது. மன்னார் நாடகங்களில் ஆடலினும் பாடலே தலைமை பெறுதலால், மெட்டு அங்கு அணியன்று, உயிர் எனலாம்.

இன்னும் ஒரு பாகுபாடும் நோக்கற்பாலது. விரிந்த நூல் ‘நாடகம்’ எனப்படும். அதனை ஆடி முடித்தற்கு ஓரிரவு போதாது. அதனைச் சுருக்கி ஓரிரவில் ஆடத்தக்கதாக அமைப்பது ‘வாசகப்பா’. மக்கள் வழக்கில் இது ‘வாசாப்பு’ எனப்படும். ஒரே கதைக்கு விரிவான நூல் ஒன்றும் மேடைக்கேற்ற நூல் ஒன்றும் தனித்தனியே வேண்டும் என்பதை அச்சியந்திரத்தின் துணையின்றியே மன்னார்ப் புலவர்கள் உணர்ந்திருந்தனர். கற்றற்குரிய படி வேறு, ஆடற்குரிய படி வேறு என்னும் பதிப்பு நெறி, இவ்வாறு அவர்களின் மரபிலேயே கருக்கொண்டிருந்தது.

இந்நாடகங்கள் நெடுங்காலம் ஏட்டுச்சுவடிகளிலும் பின்னர்க் கையெழுத்துக் கொப்பிகளிலுமே வழங்கின. அவை அண்ணாவிமாரின் கையில் இருந்தன. ஏட்டிலே எழுதப்பட்டவை வெண்பா, கொச்சகம், விருத்தம், சிந்து, தரு முதலாய பாவினப் பெயர்களும் பாடலின் சொற்களும் வசனங்களுமே. எந்தச் சொல்லை நீட்டுதல் வேண்டும், எவ்விடத்திற் குரல் ஏறும், மத்தளம் எங்கே முடிவு கொடுக்கும், பிற்பாட்டுக்காரர் எவ்வடியிலிருந்து எடுத்துப் பாடுவர் என்பனவெல்லாம் ஏட்டில் இல்லை. அவை அண்ணாவியாரின் நெஞ்சில் இருந்தன. அவர் பாடிக்காட்டுவார், கூத்தர் கேட்டுப் பாடுவர். ஏடு அவருக்கு நினைவூட்டும் கருவி, அவ்வளவே.

இந்நிலையில் 1960ஆம் ஆண்டுகளில் ஒரு பெருமுயற்சி நிகழ்ந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சு. வித்தியானந்தன் அவர்கள் நாட்டுக்கூத்தைக் கற்றோர் மதிக்கும் கலையாக்க உழைத்த காலம் அது. அவருடைய தயாரிப்பில் ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘இராவணேசன்’ 1964இலும் மேடையேறின. மேடையோடு அமையாது, பதிப்புத் துறையிலும் அவர் கருத்தூன்றினார். ‘மன்னார் நாட்டுப் பாடல்கள்’, ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ என்பன 1964இலும், ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966இலும், ‘ஞானசவுந்தரி நாடகம்’ 1967இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. கலித்தொகையை 1887இல் முதன்முதல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த நாட்டிலே, ஏடு தேடிப் பதிப்பித்தல் புதுமையன்று. ஆனால், சங்க நூலுக்குச் செய்த பணியை மீனவரும் உழவரும் ஆடிய கூத்துக்கும் செய்தல் வேண்டும் என்று துணிந்தது புதுமையே. சமயத்தாற் கத்தோலிக்கமாயினும் இவை தமிழர் அனைவர்க்கும் உரிய செல்வம் என்பதையும் அத்துணிவு உணர்த்திற்று.

அப்பதிப்புகள் ஆற்றிய பணி சிறிதன்று. ஒரூர் அண்ணாவியாரின் பெட்டியிற் கிடந்த நூல் மாணவர் கைக்கு வந்தது. மொழியாராய்ச்சியாளர் அதிற் போர்த்துக்கேயச் சொற்களைக் கண்டனர். இலக்கிய மாணவர் யாப்பைக் கண்டனர். எனினும், கூத்தைப் பார்த்தறியாத ஒருவர் அந்நூலை எடுத்து ஒரு தருவைப் பாட முயல்வாராயின், முதலடியிலேயே திகைத்து நிற்பார். ‘தரு’ என்னும் தலைப்பு, பாடலின் இனத்தைச் சொல்லும், மெட்டைச் சொல்லாது. கற்றற்குரிய பதிப்பு கிடைத்தது; பாடற்குரிய பதிப்பு கிடைத்திலது.

இசையை அச்சிலே நிறுத்தும் முயற்சியில் மிக முன்னேறியவர் ஐரோப்பியர். அவர்தம் பியானோ கொன்சேட்டோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தனியொருவர் பியானோவை வாசிக்க, பல்லியக் குழு அவரோடு இயைந்தும் எதிர்நின்றும் இசைக்கும் பேரிசை வடிவம் அது. அதற்கு மூவகை அச்சுப்படிகள் உண்டு. எல்லாக் கருவிகளின் இசையும் ஒருங்கே காணப்படும் முழுப்படி ஒன்று. அவ்வக் கருவியாளர்க்குரிய தனிப்படி ஒன்று. பல்லியத்தின் பகுதியை இரண்டாம் பியானோவுக்குச் சுருக்கித் தந்து மாணவர் பயிலுதற்கு உதவும் படி ஒன்று. முழுப்படியையே சிற்றளவில் அச்சிட்டு, வாசித்தற்கன்றிக் கற்றற்கே பயன்படுத்துவதும் உண்டு. நாடகமும் வாசகப்பாவும் போல, பயனுக்கேற்ப நூல் வேறுபடுதலை இங்கும் காண்கின்றோம்.

ஆயின், ஐரோப்பிய மேதைகளும் எல்லாவற்றையும் எழுதிவைத்தாரல்லர். பீத்தோவன் தம் மூன்றாம் கொன்சேட்டோவை 1803 ஏப்பிரலில் வியன்னாவில் முதன்முதல் வாசித்தபொழுது, அவருக்கு ஏடு புரட்டிய சைபிரீட் என்பார், பியானோவுக்குரிய பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தன என்றும், ஆங்காங்கு பீத்தோவனுக்கே விளங்கத்தக்க சில குறிகள் மட்டும் இருந்தன என்றும் பின்னாளில் எழுதினார். அன்று பீத்தோவன் ஓர் அண்ணாவியார் போலவே இருந்தார். ஏடு முன்னே கிடந்தது. இசை நெஞ்சில் இருந்தது. அடுத்த ஆண்டு நூல் அச்சாகியபொழுதுதான் பிறர் அதனை வாசிக்கக் கூடியதாயிற்று.

மொசார்ட் 1788இல் இயற்றி முடித்த கொன்சேட்டோ ஒன்றின் கதை இதனினும் படிப்பினை மிக்கது. அதன் கையெழுத்துப் படியிலே, பியானோவில் வலக்கை வாசிக்க வேண்டியது நிறைவாக உண்டு. இடக்கைக்குரிய பகுதி பல இடங்களில் எழுதப்படவேயில்லை. வாசிப்பவர் தாமே ஆதலின், அதனை எழுதும் தேவை மொசார்ட்டுக்கு இருக்கவில்லை. 1791இல் அவர் இறந்தார். 1794இல் ஒபன்பாக் நகரத்து அந்திரே பதிப்பகம் அந்நூலை வெளியிட்டபொழுது வெற்றிடங்கள் நிரப்பப்பட்டிருந்தன. அவற்றை நிரப்பியது மொசார்ட்டின் கையன்று. பிற்கால வாசிப்பாளர் பலர் அந்நிரப்பீட்டையே வாசித்து வந்தனர். 1955இல் தொடங்கிய புதிய மொசார்ட் பெரும்பதிப்போ, ஆசிரியர் எழுதியதையும் பதிப்பாசிரியர் சேர்த்ததையும் எழுத்தின் அளவாலே வேறுபடுத்திக் காட்டும் நெறியைக் கைக்கொண்டது. பதிப்பு நேர்மை என்பது இதுவே. நிரப்புதல் குற்றமன்று, நிரப்பியதை மறைத்தலே குற்றம்.

இன்னொன்றும் உண்டு. அக்காலக் கொன்சேட்டோவில் பல்லியம் ஓய்ந்து நிற்க, வாசிப்பவர் தம் புலமையாலே விரித்து வாசிக்கும் இடமொன்று வைக்கப்படும். நம் மனோதருமம் போன்றது அது. பீத்தோவன் தம் முந்திய கொன்சேட்டோக்களின் அவ்விடங்களுக்குப் பின்னர் இசை எழுதிக் கொடுத்தார். 1811இல் லைப்சிக்கில் அச்சாகிய ஐந்தாம் கொன்சேட்டோவிலோ, வாசிப்பவர் தாமாக எதனையும் சேர்த்தலாகாது என்று நூலிலேயே விதித்துவிட்டார். அச்சு வலுப்பெறும்தோறும் வாசிப்பவரின் உரிமை சுருங்குதலை இதனால் அறியலாம்.

தமிழகத்திலும் இசையை அச்சேற்றிய முன்னோடிகள் உண்டு. சென்னையில் சின்னசுவாமி முதலியார் 1893இலே தியாகராசர் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறியில் அச்சிட்டார். அவர் ஊக்கிய சுப்பராம தீட்சிதர், எட்டயபுரத்திலிருந்து 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலைச் சுரங்களுடனும் கமகக் குறிகளுடனும் வெளியிட்டார். அந்நெறி மன்னார் நாடகப் பதிப்புகளுக்கு எட்டவில்லை. அரங்கிசைக்குக் கிடைத்த பேறு களரியிசைக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். கூத்திசை ஊருக்கு ஊர் வேறுபடுவது. அண்ணாவியாருக்கு அண்ணாவியார் மாறுவது. அதனைச் சுரத்தில் எழுதினால், ஒரு முறையே சரியென்றும் பிற பிழையென்றும் கருதும் நிலை ஏற்படும் என்பர். இவ்வச்சம் பொருளற்றதன்று, பீத்தோவனின் விதியே அதற்குச் சான்று. ஆயினும், வேறுபாடு உண்டென்பது எழுதாமைக்குக் காரணமாகாது. வேறுபாடுகளையும் சேர்த்து எழுதுதற்கே காரணமாகும். பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டும் பதிப்பாசிரியர், மெட்டுப் பேதங்களையும் அவ்வாறே காட்டலாம். மாதோட்டப் பாங்கில் இவ்வாறு, யாழ்ப்பாணப் பாங்கில் இவ்வாறு, இன்ன ஊர் அண்ணாவியார் பாடியவாறு என்று பதிவு செய்தால், மரபு குறுகாது, விரியும்.

எழுதாது விட்டால் விளைவது யாது என்பதற்கு நம் இலக்கியமே சான்று பகரும். பரிபாடலை உ. வே. சாமிநாதையர் 1918இலே பதிப்பித்தார். அந்நூலிற் பல பாடல்களின் இறுதியிலே இயற்றிய புலவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் உள்ளன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பெயர்களை இன்றும் வாசிக்கின்றோம். நன்னாகனாரும் பெட்டனாகனாரும் வகுத்த இசையை ஒருவராவது பாடவல்லாரோ? இல்லை. பாடுதற்கென்றே பிறந்த நூல் படித்தற்குரிய நூலாக மட்டும் எஞ்சிவிட்டது. தேவாரத்துக்கு வாய்த்த பாணர் குலப்பெண் பரிபாடலுக்கு வாய்த்திலர். மூவிராசாக்கள் நாடகமும் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகமும் தேவாரத்தின் வழியிற் செல்லுமோ, பரிபாடலின் வழியிற் செல்லுமோ என்பதே இன்றுள்ள வினா.

இவ்வினாவை நெடுநாள் ஒத்திவைத்தற்கு இடமில்லை. 1981இலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களோடு பெறலரும் சுவடிகளும் சாம்பராயின. 2009 வரை நீடித்த போரிலே மன்னார்ப் பெருநிலத்து மக்கள் பன்முறை இடம்பெயர்ந்தனர். ஊர் பெயரும்பொழுது ஏடு கைவிடப்படும். ஊர் கூடாதபொழுது கூத்து கைவிடப்படும். அச்சிட்ட நூல் பல படிகளாகப் பல இடங்களில் இருத்தலால் ஓரிடத்து அழிவைத் தாங்கவல்லது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களைப் படியெடுத்து வைத்தல் அவ்வரணை மேலும் வலுப்படுத்தியுள்ளது. ஆனால், அண்ணாவியாரின் நெஞ்சிலுள்ள மெட்டுக்குப் படிகள் இல்லை. அவர் மறைந்தால் அதுவும் மறையும்.

ஆதலின், மன்னார் நாடகங்களின் அடுத்த பதிப்பு மூன்று கூறுகள் உடையதாதல் வேண்டும். முதலாவது, 1960ஆம் ஆண்டுகளின் பதிப்புகளை அடியாகக் கொண்டு, கிடைக்கும் சுவடிகளோடு ஒப்புநோக்கிய பாடம். இரண்டாவது, ஒவ்வொரு தருவுக்கும் சுரமும் தாளமும் மத்தள அடியும் பிற்பாட்டு எடுக்கும் இடமும் குறித்த ஆடற்படி. அதிலே பதிப்பாசிரியர் சேர்த்தவை வேறெழுத்திற் காட்டப்படல் வேண்டும். மூன்றாவது, அண்ணாவிமார் இரு பாங்கிலும் பாடிய குரற்பதிவு. சுரக்குறி எலும்பாயின், குரற்பதிவு தசையாகும். சின்னசுவாமி முதலியாருக்குக் கிட்டாத இவ்வசதி இன்று ஒரு மாணவனின் கையடக்கத் தொலைபேசியிலேயே உண்டு.

இப்பணி பல்கலைக்கழகத்தார்க்கு மட்டும் உரியதன்று. இசை கற்ற ஆசிரியரும், தமிழ் கற்ற மாணவரும், ஊரறிந்த பழைய மாணவரும் ஒன்றுகூடின், ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரு வாசகப்பாவையேனும் முற்றாகப் பதிவு செய்தல் இயலும். அப்பொழுது, கூத்தைக் கண்டறியாத ஒருவர் நூலை விரித்து, திகைப்பின்றி முதல் தருவைப் பாடத் தொடங்குவார். அவர் பாடும் அந்நாளிலேதான் மன்னார் நாடகங்கள் முற்றாகப் பதிப்பிக்கப்பெற்றன என்று கூறுதல் பொருந்தும்.