மருதநாயகம் என்னும் யூசுப் கான்

மருதநாயகம் (சு. 1725–1764), இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்து, இசுலாத்தைத் தழுவி முகமது யூசுப் கான் எனப் பெயர்பெற்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைத் தலைவராகவும் மதுரையின் ஆட்சியாளராகவும் உயர்ந்தவர்; மக்கள் வழக்கில் இவர் கான் சாகிபு. 1752-இல் கம்பெனித் தளபதி கிளைவின் படையில் சேர்ந்த இவர், பிரெஞ்சுக்காரருடனான திருச்சிராப்பள்ளிப் போரில் எதிரியின் தானிய வண்டிகளை மறிப்பதிலும் தம் பக்கத்து வண்டிகளைக் காத்துக் கொண்டுசேர்ப்பதிலும் பெயரெடுத்தார்.

அவருடைய போர்முறை முழுமையாக வெளிப்பட்ட இடம் சென்னையே எனலாம். 1758 டிசம்பர் 14-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே இந்தியர் வாழ்ந்த கருப்பர் நகரைக் கைப்பற்றி, கடற்கரையில் பீரங்கி மேடைகள் அமைத்துக் கோட்டையைத் தாக்கினார். யூசுப் கானோ கோட்டைக்குள் அடைபடாமல், செங்கல்பட்டுப் பக்கமிருந்து கேப்டன் பிரெஸ்டனுடன் கிளம்பி, பூவிருந்தவல்லி, பரங்கிமலை வட்டாரங்களில் திடீரெனத் தோன்றித் தாக்குவதும், எதிரி திரும்பினால் விலகி வேறோரிடத்தில் முளைப்பதுமாக, முற்றுகையிட்டவர்களுக்கு வரும் உணவு வழிகளை அலைக்கழித்தார். 1759 பிப்ரவரி 9-இல் பரங்கிமலையில் பிரெஞ்சுப் படை முறியடிக்கப்பட்டது. 16-இல் ஆங்கிலக் கப்பல்கள் வந்துசேர, மறுநாள் லாலி பின்வாங்கினார். 

முற்றுகை நீங்கியபின் மதுரையின் ஆட்சியாளராகத் தென்பாண்டி நாட்டுக்குத் திரும்பிய யூசுப் கான், 1761-இல் பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்தார். கண்மாய்களைச் செப்பனிட்டதும், மீனாட்சியம்மன் கோயில் நிலங்களை மீட்டளித்ததும் அவருடைய ஆட்சிக்குரிய பெருமைகள். ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குக் கட்டுப்பட மறுத்து 1763-இல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றியபோது, கம்பெனியும் நவாபும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டனர். திறந்த வெளியில் வெல்லற்கரியவராயிருந்தவர் மதிலுக்குள் சிக்கியதே அவர் வீழ்ச்சியின் முதற்காரணம் என்று கருதத் தோன்றுகிறது. முதலாண்டு முற்றுகை பலிக்கவில்லை. மறுவருடம் மதில்மேல் ஏற முயன்ற தாக்குதலில் படுகாயமுற்று மாண்டவர், சென்னையில் அவரோடு தோள்நின்ற அதே பிரெஸ்டன். அதன்பின் மேஜர் சார்லசு காம்பெல் கோட்டைக்குள் உணவு போகும் வழிகளையெல்லாம் அடைத்தார்.

பசியால் துவண்ட கோட்டையில் உடனிருந்தோரே அவரைப் பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15-இல் மதுரைக்கு வெளியே நவாப் அவரைத் தூக்கிலிட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடத்தின்மேல் 1808-இல் எழுப்பப்பட்ட சிறு கட்டடம் கான் சாகிபு பள்ளிவாசல் எனப்படுகிறது.