ரமணரின் அண்ணாமலைப் பயணமும் தென்பெண்ணையாறும்

ரமண மகரிஷி (இயற்பெயர் வேங்கடராமன், 1879–1950) 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து புறப்பட்டு, செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலையை அடைந்தார். இடையில் திருக்கோவிலூர்ப் பகுதியில் தென்பெண்ணையாற்றின் வடகரையிலிருந்து தென்கரைக்குச் சென்று, மீண்டும் வடகரைக்குத் திரும்பினார். அண்ணாமலைக்குப் போகிறவர் இந்த ஆற்றை அங்கே கடக்கவேண்டிய தேவையே இல்லை. பதினாறு வயதுப் பையன் ஏன் கடந்தான் என்பதில்தான் இப்பயணத்தின் நடைமுறைச் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

ஆறும் ஊர்களும்

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி, கிருஷ்ணகிரி வழியாக வந்து, திருவண்ணாமலைக்கு மேற்கே சாத்தனூரைத் தாண்டி, தென்கிழக்காகத் திரும்பி, கடலூருக்கு அருகே வங்கக்கடலில் கலக்கிறது. திருக்கோவிலூரும் அதன் பகுதியான கீழூரும் தென்கரையில் உள்ளன. எதிரே வடகரையில் பாறைமேல் அமைந்தது அரையணிநல்லூர், இன்றைய அரகண்டநல்லூர். திருக்கோவிலூர் ரயில் நிலையம் இருப்பதும் அந்தக் கரையில்தான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் இருப்புப்பாதை பெண்ணைக்கு வடக்கிலேயே போகிறது.

இத்துறை பழமையானது. அரையணிநல்லூர் ஞானசம்பந்தர் பாடிய தலம். அவர் இங்கிருந்தே அண்ணாமலையைக் கண்டு வணங்கினார் என்பது மரபு. கீழூரில் அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றான வீரட்டானேஸ்வரர் கோயில் உள்ளது. அதையொட்டிய ஆற்றுப்படுகையில் நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். பாரி இறந்தபின் அவன் மகளை மலையமானுக்கு அளித்துவிட்டுக் கபிலர் பெண்ணையாற்றுக் கல்லொன்றில் தீப்புகுந்த செய்தியை, வீரட்டானேஸ்வரர் கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டு சொல்கிறது. வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது மற்றொரு மரபு. எப்படியானாலும், ஒருவர் உலகியலை முடித்துக்கொண்ட இடமாக இந்த ஆற்றங்கரை ரமணருக்கு முன்பே நினைவில் இருந்தது.

1896 பயணம்

அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வேங்கடராமன் மதுரையில் ரயில் ஏறினார். பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கியிருந்தார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புதிய பாதை வந்துவிட்டதை ரயிலில் உடன் வந்த மௌலவி ஒருவர் சொல்லித்தான் அவர் அறிந்தார். ஆகஸ்ட் 30 விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கினார். பெண்ணையை ரயிலிலேயே, இரவில், ஒருமுறை கடந்தாகிவிட்டது.

கையில் மிஞ்சியது இரண்டரை அணா. பகலில் விழுப்புரத்தில் ஓர் உணவுக்கடைக்காரர் சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டதால் அது அப்படியே இருந்தது. அதற்கு மாம்பழப்பட்டு வரைதான் சீட்டுக் கிடைத்தது. அங்கிருந்து பத்து மைல் நடந்து மாலையில் அரையணிநல்லூர்க் கோயிலை அடைந்தார். அங்கே அமர்ந்திருந்தபோது பேரொளி ஒன்றைக் கண்டார் என்பது அவரது வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்வு.

ரமணர் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒளியில் நின்றுவிட்டு, அடுத்த பத்தியில் அண்ணாமலைக்குப் போய்விடுகிறார்கள். நடந்ததோ வேறு. கோயிலைப் பூட்ட வேண்டும் என்று அர்ச்சகர்கள் பையனை எழுப்பினார்கள். சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டபோது இங்கே இல்லை, கீழூரில் பூசை முடிந்தபின் கிடைக்கலாம் என்றார்கள். அவர்களோடு ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் இருந்த கீழூருக்குச் சென்றார். அதாவது அண்ணாமலை இருக்கும் கரையை விட்டு, மலைக்கு முதுகைக் காட்டி, சோற்றுக்காக ஆற்றைக் கடந்தார். இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஏறத்தாழ இருபது மைல் வழி இன்னும் மிச்சமிருந்தது, வயிறு காலி.

கீழூரிலும் சோறு எளிதில் கிடைக்கவில்லை. அர்ச்சகர்கள் மறுக்க, கோயில் மேளக்காரர் தன் பங்கைக் கொடுத்தார். தண்ணீருக்காக அருகிலிருந்த வீட்டுக்குப் போனபோது வேங்கடராமன் மயங்கி விழுந்தார், சோறு தரையில் சிதறியது. மறுநாள் ஆகஸ்ட் 31, கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் வயிறார உணவு கிடைத்தது. சுமார் இருபது ரூபாய் பெறுமானமுள்ள தன் கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றார். மீட்பதற்காகப் பாகவதர் எழுதிக்கொடுத்த முகவரிச் சீட்டை வெளியே வந்ததும் கிழித்துப்போட்டார். அன்றிரவு வடகரைக்கு வந்து ரயில் நிலையத்தில் படுத்தார், காலையில் வண்டி ஏறினார்.

எனவே ஆற்றின் தென்கரை அவருக்கு இரண்டைத் தந்தது: உணவு, பயணச் செலவு. அவர் பெயரோடும் முகவரியோடும் நடந்த கடைசிக் கொடுக்கல் வாங்கலும் அங்கேதான். திருவண்ணாமலையில் மிச்சப் பணத்தையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார்.

பின்னர்

பாதாள லிங்கம், குருமூர்த்தம், பவளக்குன்று என்று மாறி, 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், பிறகு 1922 வரை மலையின் மேலே கந்தாசிரமத்திலும் ரமணர் தங்கினார். அன்னையின் சமாதியைச் சுற்றி உருவானது இன்றைய ரமணாசிரமம். அண்ணாமலையை நீங்கி அவர் வேறெங்கும் செல்லவில்லை. பெண்ணையை மீண்டும் கடக்கவுமில்லை.

1958-ல் சாத்தனூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் ஆண்டின் பெரும்பகுதியில் ஆறு மணற்படுகையாகத் தெரிகிறது. அதை நம்பிவிடக் கூடாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது அணையிலிருந்து நொடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே திறந்து மூன்று மாதமே ஆன உயர்மட்டப் பாலம் அதில் அடித்துச் செல்லப்பட்டது. அதே மழையில் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தனர். திருக்கோவிலூருக்கும் அரகண்டநல்லூருக்கும் இடையிலான தரைப்பாலம் இப்போதும் பெருவெள்ளத்தில் மூழ்குகிறது.