இரும்புக்கை வந்தது, கால்பந்து வரவில்லை

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. தலைப்பு ‘இரும்புக்கை மாயாவி’. புதுக்கோட்டை மாவட்டம் பிறக்க அப்போது இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இன்று அந்த மாவட்டத்தில் இருக்கும் மீமிசல் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கோடிக் கடலோர ஊர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் பிழைக்கப் போய்வந்தவர்கள் நிறைந்த கரை அது. அங்கே வெளிநாடு என்றால் வீட்டுக்கு வீடு சொல்ல ஒரு கதை இருக்கும். அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகளுக்கு, பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய காமிக்ஸ் புத்தகம் வேறொரு சீமையைக் காட்டியது.

அந்தச் சீமை லண்டன். மாயாவியின் நிஜப்பெயர் லூயிஸ் கிராண்டெல். 1962 அக்டோபரில் தொடங்கிய ‘வேலியண்ட்’ வார இதழின் முதல் இதழிலேயே அவன் வந்துவிட்டான். ஆய்வுக்கூட உதவியாளன், விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் மறையாது. எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஜெசுஸ் பிளாஸ்கோ. இவர் வரைந்த கோடுகளைப் பார்த்தால் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தாரோ என்று தோன்றும். கோட்டுச் சூட்டின் மடிப்பு, ஈரத்தெருவில் விளக்கு வெளிச்சம், பயந்தவன் முகத்தில் விழும் நிழல் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அந்த நிஜத்தின் நடுவே ஆளில்லாமல் ஒரு கை மட்டும் அந்தரத்தில் வந்து கதவுப் பிடியைத் திருகும். சுற்றியுள்ளது அத்தனையும் நம்பும்படி இருப்பதால்தான் அந்தக் கையையும் பையன்கள் நம்பினார்கள்.

இன்னொன்றும் உண்டு. கிராண்டெல் ஆரம்பத்தில் கொள்ளைக்காரன். பிறகுதான் திருந்தி, நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறான். நாயகன் என்றால் பிறவி நல்லவனாக இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இந்தக் கதைகளில் இல்லை.

பல்மர், பிளாஸ்கோ பெயர்களைத் தமிழ் வாசகர் அறியாததில் வியப்பில்லை. இங்கிலாந்துப் பையன்களுக்கே தெரியாது. அங்கே வாராந்தர காமிக்ஸ்களில் எழுத்தாளர், ஓவியர் பெயரைப் போடும் வழக்கம் கிடையாது. ஓவியர் மூலையில் கையெழுத்திட்டாலும் அலுவலகத்தில் வெள்ளை பூசி அழித்துவிடுவார்கள். 1977இல் தொடங்கிய ‘2000 ஏடி’ இதழில், அங்கே பணிபுரிந்த கெவின் ஓ’நீல் முன்கை எடுத்த பிறகுதான் பெயர்கள் ஒழுங்காக அச்சேறின. அதற்குள் ஒரு தலைமுறைக் கலைஞர்களின் உழைப்பு பெயரில்லாமலே போய்விட்டது. இது பெரிய அநியாயம்.

முத்து காமிக்ஸை நிறுவியவர் சௌந்தரபாண்டியன். அவர் மகன் எஸ். விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 17. லண்டனிலும் ‘லயன்’ என்ற பெயரில் ஒரு வார இதழ் 1952இல் பிறந்து 1974இல் நின்றுபோயிருந்தது. அங்கே மூச்சடங்கிப் பத்தாண்டு கழித்து, அந்த இதழின் நாயகர்கள் அதே பெயர் தாங்கிய சிவகாசி இதழில் எழுந்து நடமாடினார்கள். டெட் கீரன் வரைந்த எந்திர மனிதன் ஆர்ச்சி வந்தான். ரெக் பன் வரைந்த ஸ்பைடர் வந்தான். கூர்க்காது, கறுப்பு உடை, குற்றவாளிகளுக்கெல்லாம் மன்னனாக வேண்டும் என்ற வெறி. ஸ்பைடரை 1965இல் எழுதத் தொடங்கியவர் டெட் கோவன்; விரைவிலேயே பொறுப்பேற்றவர் ஜெர்ரி சீகல், அதாவது சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். ‘கடத்தல் குமிழிகள்’, ‘பாதாளப் போராட்டம்’ என்று ஸ்பைடர் கதைகளை விழுந்து விழுந்து படித்த தமிழ்ப் பையன்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

அதே 1984 ஜூலையில் தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது. ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் 1958 முதல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் தொடர்சித்திரங்கள் அதன் பெரும் பலம்.

பிரிட்டிஷ் காமிக்ஸின் மொத்தச் சரக்கையும் பார்த்தால், தமிழுக்கு வந்தது ஒரு பகுதிதான். அங்கே பையன்களின் அன்றாடச் சோறு போரும் விளையாட்டும். ‘வார் பிக்சர் லைப்ரரி’ 1958இல் தொடங்கி 1984 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் கண்டது. உள்ளங்கை அகலம், 64 பக்கம், ஒரே இதழில் முழுக்கதை. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற இத்தாலிய ஓவியர் ஹியூகோ பிராட் இந்த வகைப் புத்தகங்களுக்கு வரைந்திருக்கிறார். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து டி.சி. தாம்சன் நிறுவனம் 1961இல் தொடங்கிய ‘கமாண்டோ’ இன்றும் நிற்கவில்லை. 2017இல் 5000ஆவது இதழைத் தொட்டது.

விளையாட்டில் ராஜா, ராய் ரேஸ். ‘டைகர்’ இதழில் 1954 செப்டம்பரில் பிறந்த கால்பந்து வீரன். மெல்செஸ்டர் ரோவர்ஸ் அணிக்காரன். எழுத்து ஃபிராங்க் பெப்பர், படம் ஜோ கோல்கூன். இந்தக் கோல்கூன்தான் 1979இல் ‘பேட்டில்’ இதழில் பேட் மில்ஸ் எழுதிய ‘சார்லீஸ் வார்’ தொடரை வரைந்தார். வயதைப் பொய் சொல்லி முதல் உலகப் போருக்குப் போகும் 16 வயதுப் பையன் சார்லி போர்ன். எழுத்துப்பிழை மலிந்த கடிதங்களில் ‘நலமாக இருக்கிறேன்’ என்ற தொனியில் வீட்டுக்கு எழுதுவான். பக்கத்துக் கட்டத்திலேயே சோம் போர்க்களத்தின் சேறும் பிணமும். ராயின் உதையை வரைந்த அதே விரல்கள், வெற்றி முழக்கம் இல்லாத போரையும் வரைந்தன. பிரிட்டிஷ் காமிக்ஸில் இதற்கு மேலான படைப்பு வேறில்லை.

ராய் வங்காளத்துக்குப் போனான். கொல்கத்தாவின் சிறுவர் இதழான ‘ஆனந்தமேளா’ அவனை வங்காளத்தில் தொடராக வெளியிட்டது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணிகள் மோதும் ஊரில் அவனுக்கு இடம் கிடைத்தது இயல்பு. தமிழில் அவன் காலூன்றவில்லை. கிரிக்கெட் மோகம் ஒரு காரணமாக இருக்கலாம்; ஆனால் இதழ்களின் அமைப்பே பெரிய காரணம். லீக் பட்டியலில் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் வாரந்தோறும் வளரும் கதை, அதைத் துண்டித்து மாதமொரு முழுக்கதையாகத் தரமுடியாது. முத்துவும் லயனும் ஒரு மர்மத்தைத் தொடங்கி அதே புத்தகத்தில் முடித்துவைத்த இதழ்கள். ஆனாலும் ராயின் எழுத்தாளர் ஒருவர் வேறு வழியாகத் தமிழுக்கு வந்தே சேர்ந்தார். 1974 முதல் நெடுங்காலம் ராயை எழுதிய டாம் டல்லிதான், பல்மருக்குப் பின் இரும்புக்கை மாயாவியை எழுதியவர்.

போர்க் கதைகளுக்கு இந்தத் தடை கிடையாது. ஒரே இதழில் முடியும் கதைகள், கையடக்கப் புத்தகம், எல்லாமே தமிழ் இதழ்களுக்குத் தோதானவை. இடையிடையே தமிழில் வரவும் செய்தன. இருந்தும் மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் கிடைத்த மவுசு அவற்றுக்குக் கிடைக்கவில்லை. மாதாமாதம் திரும்பி வரும் நாயகன் அவற்றில் இல்லாதது ஒரு குறை. அதைவிட முக்கியம், அது யாருடைய போர் என்பது.

மீமிசல் கரையிலிருந்து அந்த இரண்டாம் உலகப் போரைப் பார்த்தால் படமே வேறு. 1941 டிசம்பரில் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், மலையும் காடும் தாண்டி நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் ஏராளம். மலேயாவில் சிக்கிய தோட்டத் தொழிலாளர்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதையில் பல்லாயிரம் தமிழர் மடிந்தார்கள். பர்மாக் காட்டை வரைந்த பிரிட்டிஷ் காமிக்ஸில் அநேகமாக எப்போதும் முன்னால் நிற்பது வெள்ளைக்காரச் சிப்பாய்தான். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடிமீது தன் உடலைக் கிடத்திச் சகாக்களைக் காப்பாற்றி, ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்ரமணியன் போன்றவர்கள் எத்தனை கட்டங்களில் நாயகர்களாக நின்றிருப்பார்கள்?

வேறொரு முகத்தோடு அந்தப் போர் தமிழுக்கு வந்திருக்கிறது. லயன் காமிக்ஸின் முதல் இதழ் ‘கத்திமுனையில் மாடஸ்டி’. மாடஸ்டி பிளைசியை 1963இல் உருவாக்கிய பீட்டர் ஓ’டோனல், 1942இல் ராணுவத்தின் ரேடியோப் பிரிவில் வட ஈரானில் இருந்தவர். அங்கே தன்னந்தனியாக நடந்துவந்த ஓர் அகதிச் சிறுமிக்கு அவரும் தோழர்களும் சோறு போட்டார்கள். அவள் நிமிர்ந்து நடந்துபோன விதம் அவருக்கு மறக்கவில்லை. இருபதாண்டு கழித்து, போரில் அநாதையாகி நாடு நாடாக நடந்து வளர்ந்த மாடஸ்டி பிறந்தாள். அதே 1942இல் பர்மாவிலிருந்து நடந்துவந்த தமிழ்ச் சிறுமிகளும் இருந்தார்கள். அவர்களை யாரும் மாடஸ்டியாக வரையவில்லை.

எழுத்தில் மட்டும் அந்தக் குறை இல்லை. போர்க்காலத்தில் இந்தோனேசியாவின் மேடான் நகரில் வாழ்ந்த சிங்கம்புணரிக்காரர் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவல், ஜப்பானியர் நுழைந்த மேடான், கடல் கடந்து பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று தமிழனின் இரண்டாம் உலகப் போரை நெருங்கி நின்று சொல்கிறது. அது புத்தகமானதும் இரும்புக்கை மாயாவி வந்த அதே 1972இல்தான். கடைத்தெரு, கப்பல், கொரில்லாச் சண்டை எல்லாம் கண்முன் விரியும் அந்த நாவலைப் பிளாஸ்கோவைப் போல நிழலும் வெளிச்சமும் அறிந்த தமிழ் ஓவியர் ஒருவர் கையில் எடுத்தால், அச்சிடச் சிவகாசி இருக்கிறது. ஐம்பது வருடமாகப் பழகிய வாசகர்களும் இருக்கிறார்கள்.